அவருக்கு எத்தனை அண்ணன்கள்?
வாசகர் கேள்வி – பதில்: ஆஸ்திரேலிய பார்ட்னர் விசா நேர்காணல்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்ய, வெளிநாட்டில் இருப்பவர் விண்ணப்பிக்கும் 309 எண்ணுள்ள பார்ட்னர் விசாவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நேர்காணலைப் பற்றியவை. அவற்றில் ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

வாசகி, தஞ்சாவூர்: *சென்ற ஆண்டு தை மாதம் எனக்குத் திருமணம் நடந்தது. பெரியவர்கள் பார்த்துச் செய்த திருமணம். கணவர் மெல்போர்னில் நிரந்தர வதிவுரிமை பெற்று வேலை பார்க்கிறார். திருமணத்துக்கு முன் நேரில் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்று ஒரே முறை. திருமணத்துக்குப் பின் சேர்ந்து இருந்தது பதினேழு நாள். அதிகாரி தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார் என்கிறார்கள். காதலித்து மணந்தவர்களைப் போலச் சொல்வதற்கு எங்களிடம் கதை எதுவும் இல்லை. நம்புவார்களா? அவருக்குப் பிடித்த நிறம் என்ன, கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்றெல்லாம் கேட்பார்களாமே?*

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 5எஃப் பிரிவு, மணமானவர்களை வாழ்க்கைத் துணைவர்களாக ஏற்பதற்கு நான்கு விஷயங்களைக் கேட்கிறது. திருமணம் சட்டப்படி செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். வேறு எவருக்கும் இடமில்லாதபடி கணவன் மனைவியாக வாழும் உறுதி இருவருக்கும் இருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ வேண்டும், அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழாதவர்களாகவாவது இருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் எத்தனை முறை சந்தித்தீர்கள் என்பது இந்த நான்கில் எதிலும் இல்லை. பன்னிரண்டு மாதம் சேர்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருந்தால், அது மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கான விதி. தாலி கட்டி, பதிவும் செய்துகொண்ட உங்களுக்கு அது பொருந்தாது.

இந்த நான்கையும் அதிகாரி எப்படி எடைபோட வேண்டும் என்பதை 1994ஆம் ஆண்டு விதிமுறைகளின் 1.15ஏ விதி சொல்கிறது. பண விவகாரம், குடும்பம் நடத்தும் விதம், உற்றார் உறவினரும் ஊரும் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது, ஒருவர் மீது ஒருவருக்கு உள்ள பிடிப்பு ஆகிய நான்கு பக்கங்களையும் அவர் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட விதி சொல்லவில்லை. பதினேழு நாள் சேர்ந்திருந்தவர்களிடம் வீட்டுப் பத்திரமும் கூட்டுக் கடனும் இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

சொல்வதற்குக் கதை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் கதை இருக்கிறது. நம் வீடுகளில் அதை யாரும் கதை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். இந்த வரனை யார் கொண்டுவந்தார்கள், ஜாதகம் பார்த்தார்களா, பெண் பார்க்க வந்த அன்று உங்கள் இருவரையும் தனியாகப் பேச விட்டார்களா, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசினீர்கள், சரி என்று சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள், நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதன்முதலாகப் போன் செய்தது யார் என்பவைதாம் உங்கள் உறவின் வரலாறு. "பெரியவர்கள் பார்த்தார்கள், எங்களுக்கும் பிடித்திருந்தது, கல்யாணம் நடந்தது" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டால், அதிகாரியின் கோப்பில் ஒரு வரிதான் ஏறும். எழுத்து வடிவில் தரும் உறவு வரலாற்று அறிக்கையிலும் இதே விவரங்கள், இதே தேதிகளோடு இருக்க வேண்டும். பேசும்போது அவர் முன்னால் இருப்பது அந்த அறிக்கைதான்.

நேர்காணல் முன்னறிவிப்போடும் வரும், இல்லாமலும் வரும். முதலில் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கேட்டு உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்பார்கள். பிறகு உறவு எப்படித் தொடங்கியது என்பதில் ஆரம்பித்து, திருமண நாள், அதன் பிந்திய நாட்கள், கணவரின் வேலை, அவர் குடியிருக்கும் வீடு, அவருடைய குடும்பம், பணம் அனுப்பும் விதம், நீங்கள் அங்கே போன பிறகு செய்ய நினைப்பது என்று நகர்வார்கள். அதே கேள்விகளை உங்கள் கணவரிடமும் தனியாகக் கேட்கலாம், சில சமயம் அன்றைக்கே. பிடித்த நிறம், கட்டிலின் பக்கம் போன்றவற்றை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. பதினேழு நாளில் தெரிந்திருக்காத ஒன்றைக் கேட்டால் "தெரியவில்லை, நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை" என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன பதில் தவறாகும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதற்காக அவரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி அவர் இருந்தாலும் நம் உறவுமுறைச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போகும்போது என்ன ஆகும் என்பதை நீங்கள் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கோப்பில், "அவருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு மனைவி, "மூன்று அண்ணன், ஒரு அக்கா" என்று சொன்னார். கணவனோ, "ஓர் அக்கா மட்டும்" என்று சொன்னார். மனைவி சொன்ன மூன்று அண்ணன்களும் கணவனுடைய பெரியப்பாவின் மகன்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கல்யாணத்தில் பந்தி பார்த்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நம் வீட்டு வழக்கப்படி சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் கணவனுடைய உடன்பிறந்தவர்களைக்கூட மனைவிக்குத் தெரியவில்லை என்று கோப்பில் பதிவானது. அதை விளக்க, குடும்ப அட்டை நகலும் பெரியப்பாவின் உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்பட்டன. ஆகவே "அண்ணன்" என்று சொன்னதும், கூடப் பிறந்தவரா, பெரியப்பா மகனா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மாமா, அத்தை, சித்தி என்ற சொற்களுக்கும் இதுவே பொருந்தும். மாமா என்பவர் மாமனாராகவும் இருக்கலாம், தாய்மாமனாகவும் இருக்கலாம், எதிர் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழராக இருந்தால் அவருடைய சொற்களும் வேறாக இருக்கும். புரியாத இடத்தில் மறுபடி கேட்கத் தயங்க வேண்டாம்.

உறவு உண்மையானதா என்பது எப்படிப்பட்ட விவரத்தில் வெளிப்படும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கணவருடன் எப்போது பேசுவீர்கள் என்று கேட்டபோது ஒரு பெண் இப்படிச் சொன்னார்: "சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் பேசுவோம். அக்டோபர் மாதத்திலிருந்து அவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே தூங்கப் போய்விடுகிறார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. சித்திரை பிறக்கும்போதுதான் சரியாகும்." விக்டோரியாவில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று திரும்ப வைப்பார்கள், நமக்கும் மெல்போர்னுக்கும் இடையே உள்ள நாலரை மணி நேர வித்தியாசம் அந்த மாதங்களில் ஐந்தரை ஆகிவிடும். கடிகார மாற்றம் என்ற ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மாலைப் பேச்சு அரைகுறையாய் முடிகிறது என்ற வருத்தம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அழைப்புப் பட்டியலும் அவர் சொன்னதையே காட்டியது.

வாசகர், பெர்த்: *மனைவி மதுரையில் அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள். என் பெற்றோர் விருதுநகரில் இருக்கிறார்கள். மாதா மாதம் பணத்தை அப்பா கணக்குக்கு அனுப்புகிறேன். அவர் அதிலிருந்து மனைவிக்கு ரொக்கமாகக் கொடுக்கிறார். எங்களுக்குக் கூட்டுக் கணக்கு கிடையாது. மருமகள் மாமியார் வீட்டில் இல்லாமல் பிறந்த வீட்டில் இருப்பதைத் தவறாக எடுத்துக்கொள்வார்களா? பண விஷயத்தில் எதைக் காட்டுவது?*

உங்கள் மனைவி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைவிட, ஏன் அங்கே இருக்கிறார் என்பதற்கு நீங்கள் இருவரும் ஒரே காரணத்தைச் சொல்கிறீர்களா என்பதே முக்கியம். மதுரையில் அவருக்கு வேலை இருக்கலாம், அவருடைய அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் இருக்கலாம், ஆடி மாதத்துக்கு அழைத்துப் போனவர்கள் அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். புதுமணப் பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைக்கும் வழக்கத்தை அந்த அதிகாரி அறிந்திருக்கக் கட்டாயமில்லை; அறிக்கையில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். உங்கள் பெற்றோர் வீட்டுக்கு அவர் போய்வருவதும், மாமனாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தால் அருகில் இருப்பதும் அந்த வீட்டில் அவர் மருமகளாக நடத்தப்படுகிறார் என்பதைக் காட்டும். பொங்கல் சீர், தலைத் தீபாவளி போன்றவற்றைப் பலர் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளை வர முடியாத தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து வேட்டி சட்டையும் இனிப்பும் கூரியரில் போயிருந்தால், அந்த ரசீது சமூக உறவுக்குச் சான்றுதான். ஆல்பத்திலிருந்து முந்நூறு படம் ஏற்றுகிறவர்கள் இந்த ரசீதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

பணத்தை இந்த மாதத்திலிருந்தாவது மனைவியின் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள். அப்பா மூலம் போன பழைய பணத்துக்கு, உங்கள் வங்கிப் பதிவையும் அப்பாவின் கணக்கு அறிக்கையையும் வைத்து, எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார் என்று அவரே ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்தோடு தரலாம். இனிமேல் கூட்டுக் கணக்கு வேண்டுமென்றால் இந்தியாவிலேயே வழி இருக்கிறது: வெளிநாடு வாழ் இந்தியர் தம்முடைய என்.ஆர்.ஈ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது) அல்லது என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்துக்கானது) கணக்கில் இங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரை "முதலாமவர் அல்லது எஞ்சியவர்" (முதலாமவருக்குப் பின் கணக்கு மற்றவருக்கு) என்ற முறையில் சேர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் கணக்கைத் திறந்து ஆயிரம் ரூபாய் போட்டு அப்படியே விட்டுவைத்தால் அது எதையும் காட்டாது. மின்கட்டணமும் மருந்துச் செலவும் அதிலிருந்து போக வேண்டும்.

இவற்றைவிட எளிதான சில விஷயங்கள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. உங்கள் சூப்பரானுவேஷன் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் உங்களுக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் இன்னும் அம்மா பெயர்தான் இருக்கிறதா? அலுவலகத்தில் அவசரத் தொடர்புக்கு யார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஜூன் 30இல் முடிந்த நிதியாண்டுக்கு நீங்கள் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில், துணைவர் உண்டா என்ற கேள்விக்கு என்ன எழுதினீர்கள்? திருமணம் நடந்த ஆண்டிலும் வழக்கம்போல "இல்லை" என்று டிக் செய்துவிட்டு, அதே வரிக் கணக்கை வருமானச் சான்றாக விசா விண்ணப்பத்தோடு இணைத்தவர்கள் உண்டு. நேர்காணலில் அதிகாரி அதைத் திருப்பிக் காட்டும்போது "கணக்காளர் செய்தார்" என்று சொல்வது எடுபடாது. அப்படி நடந்திருந்தால் இப்போதே திருத்தித் தாக்கல் செய்துவிடுங்கள்.

வாசகி, கோயம்புத்தூர்: *நாங்கள் வேறு வேறு சாதி. இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பிரிஸ்பேனிலிருந்து ஐந்து வார விடுப்பில் வந்தபோது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். எங்கள் படங்களில் பெற்றோர் யாரும் இல்லை. மண்டபம், அழைப்பிதழ், மொய் எதுவும் இல்லை. இது திருட்டுக் கல்யாணம் என்று சந்தேகப்பட மாட்டார்களா?*

பெற்றோர் இல்லாத கல்யாணப் படத்தைப் பார்த்து அதிகாரி கேள்வி கேட்பார். கேட்பது அவர் வேலை. அதற்கு அஞ்சி, தூரத்து உறவினர் இருவரைக் கூட்டிவந்து பெற்றோர் என்று நிறுத்திப் படம் எடுப்பது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

புரோகிதர் இல்லாமல், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம், இந்துக்களிடையே நடந்தால் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லும். அதற்காகவே 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இதை உங்கள் அறிக்கையில் குறிப்பிடுவது நல்லது. இல்லையென்றால், சடங்கு நடக்கவில்லையே, இது முழுமையான திருமணமா என்ற ஐயம் எழலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் பதிவை முடித்துவிட்டதால் திருமணம் செல்லுமா என்ற கேள்வி உங்களுக்குப் பெரிதாக எழாது.

இனி இருப்பது சமூகப் பக்கம். உங்களைக் கணவன் மனைவியாகப் பிறர் அறிகிறார்களா என்பதுதான் விதியில் உள்ள கேள்வி. அந்தப் பிறர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. கையெழுத்திட்ட சாட்சிகள், ஐந்து வாரம் நீங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர், உங்கள் அலுவலகத் தோழி, பிரிஸ்பேனில் அவருடைய அறை நண்பர்கள் ஆகியோர் எழுதலாம். 888 எண்ணுள்ள படிவத்தில் உங்கள் இருவரையும் அறிந்த, 18 வயது நிரம்பிய இரண்டு பேராவது எழுதித்தர வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஒருவரே எழுதிக் கொடுத்ததை நான்கு பேர் நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டால், "அவர்கள் ஒருவரையொருவர் மிகவும் நேசிக்கிறார்கள்" என்ற வாக்கியம் நான்கு படிவத்திலும் ஒரே இடத்தில் வரும். அந்த நான்கும் சேர்ந்து ஒன்றுக்கும் குறைவாகவே மதிக்கப்படும். எழுதுகிறவர் தாம் கண்ணால் கண்டதை மட்டும் எழுதட்டும்: பதிவு அலுவலக வாசலில் மதியம் வரை காத்திருந்தது, பிரியாணி வாங்கிவந்து அறையில் விருந்து வைத்தது, அவர் ஊருக்குத் திரும்பிய அன்று விமான நிலையத்திலிருந்து உங்களை வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டது.

வீட்டில் ஏற்காததைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். யார் எதிர்த்தார்கள், என்ன சொன்னார்கள், இப்போது யாராவது பேசுகிறார்களா என்பது வரை. அத்தை மட்டும் ரகசியமாகப் போன் செய்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். மிரட்டல் வந்து காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தால் அதன் நகல் ஒன்றே, இந்த உறவுக்காக நீங்கள் இருவரும் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதைக் காட்டிவிடும்.

வாசகர், சிட்னி (சொந்த ஊர் யாழ்ப்பாணம்): *நான் 2012இல் அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்து, 2023க்குப் பிறகு நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. வரும் முன்பே ஊரில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன், பதிவு செய்யவில்லை. இங்கு வந்தபோது எடுத்த முதல் விசாரணையில், பயத்தில், கல்யாணமாகவில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு மனைவியை இரண்டு முறை திருச்சியில் சந்தித்தேன். இரண்டாம் முறை பதிவுத் திருமணமும் செய்தோம். அவவை நேர்காணலுக்குக் கூப்பிட்டால் எந்தத் திகதியைச் சொல்ல வேண்டும்?*

உண்மையான இரண்டு தேதிகளையும். வேறு பதில் இதற்குக் கிடையாது.

உங்கள் மனைவி பதிவுத் தேதியை மட்டும் சொல்லி, கோயில் திருமணத்தை மறைத்தால், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் அனுப்பிய பணம், பேசிய அழைப்புகள், அவருடைய வீட்டார் உங்களை மருமகனாக நடத்தியது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து மறைக்க வேண்டியதாகிவிடும். உங்களுக்கு மிகப் பலமாக இருக்கும் சான்றுகள் அவைதாம். மறைக்காமல் சொன்னாலோ, குடிவரவுத் துறையின் பழைய கோப்பில் நீங்கள் சொன்ன "கல்யாணமாகவில்லை" என்ற பதில் எதிரே வந்து நிற்கும். அந்தக் கோப்பை அவர்கள் எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே நேர்காணல் வரும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொள்ள வேண்டும். விசா விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தவர் அதைத் தெரிந்துகொண்டதும் திருத்த வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கென 1023 எண்ணுள்ள படிவம் இருக்கிறது. ஆனால் உங்கள் நிலையில் அந்தப் படிவத்தைத் தனியாக நிரப்பி அனுப்ப வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். தவறான தகவலின் பேரில் பெற்ற விசாவை 109ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. எந்தப் பொய் எந்த விண்ணப்பத்தில் ஏறியது, அது உங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்த காரணத்தைத் தொடுகிறதா என்பதை அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் பழைய கோப்பை வரவழைத்துப் படித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள். ஊரில் இருக்கும் மனைவிக்கு யாராலாவது கரைச்சல் வரும் என்று அஞ்சிச் சொன்னதென்றால், அது புரிந்துகொள்ள முடியாத காரணம் அல்ல.

திருச்சியில் சந்தித்ததற்கு இருவருடைய விமானச் சீட்டு, குடிவரவு முத்திரை, தங்கிய விடுதியின் ரசீது ஆகியவற்றைச் சேருங்கள். இலங்கைக்குப் போக முடியாத கணவனும் ஆஸ்திரேலியாவுக்கு வர முடியாத மனைவியும் மூன்றாவது நாட்டில் சந்தித்துக்கொண்டதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பெயர் குறிப்பிடாத தந்தை, நாகர்கோவில்: *எங்கள் ஊரில் ஓர் ஏஜென்ட், நாற்பதாயிரம் ரூபாய்க்கு நேர்காணல் பயிற்சி தருகிறார், இருநூறு கேள்வி பதில் அச்சிட்டுக் கொடுக்கிறார். படங்கள் போதவில்லை என்றால் வேறு வேறு புடவை மாற்றி ஒரே நாளில் எடுத்துத் தருவதாகவும், பழைய தேதியில் வாடகை ஒப்பந்தம் தயார் செய்வதாகவும் சொல்கிறார். மகளுடைய கல்யாணம் உண்மையானது. கூடுதல் பலத்துக்காகச் செய்யலாமா?*

செய்யக் கூடாது. உங்கள் மகளின் உண்மையான கல்யாணத்தை அந்த மனிதர் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு பொய்க் கல்யாணமாக மாற்றித் தருகிறார். போலி ஆவணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் 4020 எண்ணுள்ள பொதுநலன் விதியின்கீழ் விண்ணப்பம் மறுக்கப்படும். அதோடு பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு இந்த விதி பொருந்தும் எந்த விசாவும் கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தின் முத்திரைத்தாள் எந்தத் தேதியில் விற்கப்பட்டது என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. நிரந்தர வதிவுரிமைக்காகப் பொய்த் திருமணம் ஏற்பாடு செய்பவருக்குக் குடிவரவுச் சட்டத்தின் 240ஆம் பிரிவு பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது என்பதையும் அந்த ஏஜென்டிடம் சொல்லிப் பாருங்கள்.

இருநூறு கேள்வியைப் பொறுத்தவரை, மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். "என் கணவர் மிகவும் பொறுப்பானவர், அக்கறையானவர்" என்று பாடப்புத்தகம் போலச் சொல்கிற பெண், அவர் எந்த ஷிப்ட் பார்க்கிறார் என்று கேட்டதும் திணறுவார். உதவி தேவையென்றால் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடிவரவு முகவரை அமர்த்துங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு, அரசின் இணையப் பட்டியலில் அதைச் சரிபார்க்கலாம்.

வாசகி, சேலம்: *போன வாரம் நேர்காணல் முடிந்தது. காலை பதினொரு மணிக்கு, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அழைத்தார்கள். பதற்றத்தில் நிச்சயதார்த்தத் தேதியைத் தவறாகச் சொன்னேன். அவர் வாடகைக்கு இருப்பதை "சொந்த வீடு" என்றும் சொல்லிவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?*

போகவில்லை. ஆனால் வரிசையில் நின்றபடி பேசியிருக்க வேண்டியதில்லை. "இப்போது வெளியே இருக்கிறேன், அரை மணி நேரம் கழித்து அழைக்க முடியுமா?" என்று கேட்பதால் எந்தக் குற்றமும் ஆகாது.

இன்றைக்கே உங்கள் இணைய விண்ணப்பக் கணக்கின் வழியாக ஒரு கடிதம் ஏற்றுங்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள், சரியான விவரம் என்ன, ஏன் தவறியது என்று நான்கு வரிகள் போதும். நிச்சயதார்த்தத் தேதிக்குப் பத்திரிகை அல்லது படத்தையும், வாடகை வீட்டுக்குக் கணவரின் ஒப்பந்தத்தையும் இணையுங்கள். நீங்கள் சொன்ன தவறுக்கு ஒத்துவரும்படி கணவரையும் அதையே சொல்லச் சொல்ல வேண்டாம். அவர் உள்ளதைச் சொல்லட்டும். உங்கள் பேச்சோடு முரண்படும்படி கணவரோ வேறு யாருமோ தந்த தகவலை வைத்து விண்ணப்பத்தை மறுக்க நினைத்தால், குடிவரவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி அந்தப் பாதகமான தகவலை உங்களுக்குத் தெரிவித்து விளக்கம் கேட்பார்கள். அப்படிக் கடிதம் வந்தால் அதில் உள்ள கெடுவைத் தவறவிடாதீர்கள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் நாள்தோறும் பாருங்கள்.

அப்படியும் மறுத்தால், ஸ்பான்சரான உங்கள் கணவர் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபர் 14 முதல் பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் இயங்குவது அதுதான். அங்கே விண்ணப்பத்தைப் புதிதாகப் பரிசீலிப்பார்கள், அதுவரை சேர்ந்த புதிய சான்றுகளையும் கொடுக்கலாம். ஆனால் மறுப்புக் கடிதத்தில் சொன்ன நாளுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விட்டுவிட்டால், திரும்பக் கிடைக்காத விண்ணப்பக் கட்டணத்தை – 2025 ஜூலை நிலவரப்படி 9,365 ஆஸ்திரேலிய டாலர் – மறுபடி கட்டி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டிவரும்.